பூட்டிய வீட்டின் கணக்கு

“எங்க வீட்டுக்கு யாருமே வரல. அப்புறம் எப்படி பாதிப் பொம்பளைங்களுக்கு ரத்தசோகைன்னு பேப்பர்ல போடுறாங்க?”

சுகாதாரப் புள்ளிவிவரம் செய்தியாகும்போதெல்லாம் டீக்கடையிலோ பேருந்திலோ யாராவது இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரண்டு கோடிக்கும் மேல் குடும்ப அட்டைகள் உள்ள மாநிலத்தில் அந்த ஆய்வுக் குழுக்கள் தகவல் சேகரித்த வீடுகள் 27,929. எழுநூறு வீட்டுக்கு ஒரு வீடுகூட இல்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. “வந்தாங்க. நான் வேலைக்குப் போயிருந்தேன். என் ரத்தத்தை எந்தக் கணக்குல வச்சாங்க?” இந்த அத்தியாயம் அந்தப் பெண்ணுக்கான பதில்.

விரல் நுனியில் ஒரு சொட்டு

எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் ஏறத்தாழ ஐந்நூறு ஊராட்சிகளும் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16,18,345. தேசிய ஆய்வு இத்தனை ஊர்களுக்கும் போவதில்லை. முதலில் சில ஊர்களையும் நகர்ப்பகுதிகளையும் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். பிறகு அந்த ஒவ்வோர் இடத்திலும் 22 வீடுகளைக் குலுக்கி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் 27,929 வீடுகளை அன்றைய 32 மாவட்டங்களுக்கு வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 870 வீடுகள், அதாவது சுமார் 40 இடங்கள். நகரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஊர்கள்தான் தேறும்.

ஐந்தாவது ஆய்வில் தேர்வான வீட்டில் நடந்தது இதுதான். சம்மதம் கேட்டு, விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தினார்கள். முதலில் வரும் சொட்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்து வருவதைச் சிறு பிளாஸ்டிக் தகட்டில் பிடித்து, கையடக்கக் கருவிக்குள் செருகினார்கள். ஒரு நிமிடத்துக்குள் திரையில் ஹீமோகுளோபின் அளவு வந்துவிட்டது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. முடிவை அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு அந்தப் பெண் வீட்டில் இருக்க வேண்டும். கீரமங்கலம் பக்கம் விடியுமுன்பே பூப்பறிக்கப் போய்விடுகிறார்கள். ஆதனக்கோட்டையில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை இருக்கிறது. ஊருக்கு ஊர் நூறு நாள் வேலை இருக்கிறது. குழு தெருவுக்குள் நுழையும்போது திண்ணையில் மாமியார் மட்டும் இருப்பார். “மருமக வேலைக்குப் போயிருக்கு, பொழுது சாஞ்சாதான் வரும்.” திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அப்படியும் சிலர் கிடைக்காமலே போகிறார்கள். நாடு முழுவதும் எடுத்தால் ஐந்தாவது ஆய்வில் பேட்டிக்குக் கிடைத்த பெண்கள் 97 சதவீதம், ஆண்கள் 92 சதவீதம். எண்கள் நன்றாகத்தான் தெரிகின்றன. ஆனால் அவை எல்லா ஊர்களையும் கலந்து எடுத்த சராசரி. கிடைக்காதவர்கள் ஊருக்கு இரண்டு பேர் என்று சமமாகப் பரவியிருப்பதில்லை. கூலி வேலையை நம்பிய ஊரில் குவிந்திருப்பார்கள்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கத்து ஆண்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தும் அளவு கிடைக்காதவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

ஒரு பானையா, நாற்பது பானைகளா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையாக இருந்து, நன்றாகக் கிளறியும் விட்டிருந்தால் அது உண்மை. மாவட்டம் அப்படிப்பட்டதல்ல. நாற்பது அடுப்புகளில் வெந்த நாற்பது பானைகள் அது.

ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே ரேஷன் கடை அரிசியைச் சமைக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் ஒரே கிராம சுகாதார செவிலியர். ஆரம்ப சுகாதார நிலையம் எல்லோருக்கும் ஒரே தூரம். அதனால் அவர்களுடைய ரத்த அளவும் ஓரளவு ஒத்துப்போகும். இதை ‘ஊர் ஒற்றுமை’ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒற்றுமை கொஞ்சமாக இருந்தாலே கணக்கை வெகுவாக மாற்றிவிடும். 40 ஊர்களில் ஊருக்கு 22 பெண்கள் என்று 880 பேரைச் சோதிக்கிறோம். ஒருவருக்கொருவர் அளவில் உள்ள வேறுபாட்டில் இருபதில் ஒரு பங்கு மட்டும் ஊரால் வருகிறது என்று கொண்டால், அந்த 880 பேர் தரும் தகவல் மாவட்டம் முழுக்கச் சிதறலாக எடுத்த சுமார் 430 பேர் தரும் தகவலுக்குத்தான் ஈடாகும்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரான பரப்பைக் கணக்கெடுத்தபோதே, பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டிருந்தார். மற்றத் துறைகள் இதைக் கற்றுக்கொள்ள நாளானது. இங்கிலாந்தில் 1976இல் நெவில் பென்னெட் என்பவர், கட்டுப்பாடான பழைய பாணிக் கற்பித்தலில் பிள்ளைகள் அதிகம் முன்னேறுகிறார்கள் என்று ஒரு நூல் எழுதினார். நாடே விவாதித்தது. 1981இல் மரே எய்ட்கினும் அவருடைய சகாக்களும் அதே தரவை எடுத்து, ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒத்திருப்பார்கள் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பாணிகளுக்கு இடையில் தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

ஆள், வீடு, ஊர், மாவட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடுக்குகளை மறக்காமல் போடும் கணக்கை இந்த நூலில் ‘அடுக்குக் கணக்கு’ என்று குறிப்பிடுகிறேன்.

காலிக் கட்டங்களில் மூன்று வகை

1976இல் டொனால்ட் ரூபின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் எழுதிய ஒரு கட்டுரை, தரவுத் தாளில் அளவு கிடைக்காமல் நிற்கும் காலிக் கட்டங்களைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. கட்டம் காலி என்பதைவிட, ஏன் காலியானது என்பதுதான் முக்கியம் என்றார் அவர்.

கருவியின் பேட்டரி தீர்ந்துபோய்க் கடைசி மூன்று வீடுகளில் சோதிக்க முடியவில்லை. இது தற்செயல். அந்த மூன்று வீட்டுப் பெண்கள் மற்றவர்களிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டவர்கள் அல்லர். விட்டுவிட்டால் கணக்கு சாய்ந்துவிடாது, எண்ணிக்கை மட்டும் குறையும்.

கூலி வேலைக்குப் போனதால் பெண் வீட்டில் இல்லை. இது வேறு வகை. அவர் வேலைக்குப் போகிறவர் என்பது நமக்குத் தெரியும். வேலைக்குப் போகும் மற்றப் பெண்களில் சிலர் சோதனைக்குக் கிடைத்தும் இருக்கிறார்கள். தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஓரளவு ஊகிக்கலாம்.

“ஏற்கெனவே தலை சுத்துது, இதுல ரத்தம் வேற எடுக்கணுமா” என்று ஒரு பெண் கையை இழுத்துக்கொள்கிறார். இதுதான் கடினமான வகை. எதை அளக்க வந்தோமோ அதுவே அளக்க விடாமல் தடுக்கிறது. ரத்தசோகை உள்ளவர்களே அதிகம் மறுத்திருந்தால், கையில் இருக்கும் எண்களை எவ்வளவு அலசினாலும் அது தெரியவராது.

ஓர் ஊர், 24 பெண்கள்

கணக்குக்காக ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். எண்களும் கற்பனையே. பென்சிலும் தாளும் இருந்தால் கூடவே போட்டுப் பாருங்கள்.

தேர்வான வீடுகளில் சோதனைக்குரிய பெண்கள் 24 பேர். குழு வந்த நாட்களில் 14 பேர் கிடைத்தார்கள், 10 பேர் கிடைக்கவில்லை. சோதித்த 14 பேரில் 7 பேருக்கு ரத்தசோகை. காலிக் கட்டங்களை விட்டுவிட்டால் விடை 50 சதவீதம்.

எதையும் ஊகிக்காமல் வந்த விடை போல இது தோன்றும். அப்படியல்ல. இல்லாத 10 பேரும் இருந்த 14 பேரைப் போன்றவர்களே என்ற ஊகம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அது சரியா என்று பார்ப்போம். சோதித்த 14 பேரில் 10 பேர் வீட்டு வேலையோடு இருப்பவர்கள், அவர்களில் 4 பேருக்கு ரத்தசோகை. மீதி 4 பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், அவர்களில் 3 பேருக்கு ரத்தசோகை. கிடைக்காத 10 பேரைப் பற்றி வீட்டில் இருந்தவர்களிடம் விசாரித்ததில், 8 பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்று தெரிகிறது. இல்லாதவர்கள் இருந்தவர்களைப் போல இல்லை.

சரி, அந்த விகிதங்களை வைத்தே நிரப்புவோம். கூலிக்குப் போகும் 8 பேரில் முக்கால்வாசி, அதாவது 6 பேர். மற்ற 2 பேரில் பத்துக்கு நான்கு, அதாவது 0.8. சோதித்தவர்களில் கண்ட 7 பேரோடு கூட்டினால் 13.8. இது 24 பேரில் சுமார் 58 சதவீதம். விடை ஒரேயடியாக எட்டுப் புள்ளி ஏறிவிட்டது.

இதையும் அப்படியே நம்ப முடியாது. ‘முக்கால்வாசி’ என்ற விகிதம் நான்கே பெண்களிடமிருந்து வந்தது. அவர்களில் ஒருவருக்கு 11.9க்குப் பதில் 12.1 என்று வந்திருந்தால் முக்கால்வாசி பாதியாகிவிடும். நான்கு பேரின் விரல் நுனியை நம்பி ஓர் ஊரையே எடைபோடலாமா?

இங்கேதான் அடுக்குக் கணக்கு உதவிக்கு வருகிறது. இந்த ஊரில் கூலிக்குப் போகும் பெண்கள் நான்கு பேர்தான் கிடைத்தார்கள். மாவட்டத்தின் மற்ற ஊர்களில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருப்பார்கள். அவர்களில் 60 சதவீதம் பேருக்கும், வீட்டு வேலையோடு இருப்பவர்களில் 45 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை என்று வைத்துக்கொள்வோம். ஊரின் நான்கு பேரையும் ஒதுக்காமல், மாவட்டத்தையும் ஒதுக்காமல், இரண்டையும் கலக்க வேண்டும். எந்த அளவில்? முன்பு சொன்ன ஊர் ஒற்றுமைதான் அளவைச் சொல்கிறது. வேறுபாட்டில் இருபதில் ஒரு பங்கு ஊரால் வருகிறது என்றால், ஊர்ப் பெண்களோடு மாவட்ட விகிதத்தைக் கொண்ட சுமார் 20 பெண்களைச் சேர்த்தால் சரியாக இருக்கும்.

கூலிக்குப் போகிறவர்களில் ஊரின் 4 பேரும் மாவட்டத்தின் 20 பேரும் சேர்ந்து 24 பேர். ரத்தசோகை உள்ளவர்கள் 3 பேரோடு 12 பேர், மொத்தம் 15 பேர். இது சுமார் 63 சதவீதம். வீட்டு வேலையோடு இருப்பவர்களில் 10 பேரும் 20 பேரும் சேர்ந்து 30 பேர். ரத்தசோகை உள்ளவர்கள் 4 பேரோடு 9 பேர், மொத்தம் 13 பேர். இது சுமார் 43 சதவீதம். இந்த விகிதங்களில் நிரப்பினால் கூலிக்குப் போகும் 8 பேரில் 5 பேர், மற்ற 2 பேரில் 0.9. ஏற்கெனவே கண்ட 7 பேரோடு கூட்டினால் 12.9. விடை 54 சதவீதம்.

அந்த 20 என்ற எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு உள்ள மாவட்டமாக இருந்தால் அது 5 ஆகச் சுருங்கியிருக்கும், அப்போது ஊரின் சொந்தக் குரல் ஓங்கும். இந்த ஊரிலேயே 200 பேரைச் சோதித்திருந்தால் சேர்த்த 20 பேர் அவர்களுக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஊர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கேட்டு, மீதியை மட்டும் மற்ற ஊர்களிடம் கடன் வாங்குகிறது இந்த முறை. புள்ளியியலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

ஒரு தடவை நிரப்பினால் போதாதா?

போதாது. எட்டுப் பேரில் 5 பேர் என்று எழுதிவிட்டால், அந்த 5 ஊசி குத்திப் பார்த்து வந்த எண்ணைப் போலவே தாளில் உட்கார்ந்துகொள்ளும். கணினிக்கும் வித்தியாசம் தெரியாது. ஊகித்ததை அளந்ததாகக் காட்டுவது தவறு.

ரூபின் சொன்ன வழி, பல தடவை நிரப்புவது. 1987இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இதைப் ‘பன்முறை நிரப்புதல்’ எனலாம். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும், கணக்கிட்ட விகிதத்தின்படி குலுக்கிப்போட்டு ஒரு விடையை எழுதுகிறோம். முதல் தடவை கிடைக்காத 10 பேரில் 5 பேருக்கு ரத்தசோகை என்று விழுகிறது. அடுத்த தடவை 7, பிறகு 5, பிறகு 8, கடைசியில் 5. சோதித்தவர்களின் 7 பேரைச் சேர்த்தால் ஊரின் மொத்தம் 12, 14, 12, 15, 12. சராசரி 13, அதே 54 சதவீதம். ஆனால் இப்போது 50 முதல் 63 வரை விடை ஆடுகிறது என்பதும் தெரிந்துவிட்டது. நமக்கு எவ்வளவு தெரியாது என்பதற்கு அந்த ஆட்டமே அளவு. உண்மையான ஆய்வுகளில் இருபது, ஐம்பது, நூறு தடவைகூட நிரப்புகிறார்கள். விகிதங்களிலேயே உள்ள நிச்சயமின்மையையும் ஒவ்வொரு தடவையும் குலுக்கிக்கொள்கிறார்கள்.

ஊரை மறந்து நிரப்பினால்

அவசரத்தில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. மாவட்டத் தரவு முழுவதையும் ஒரே பட்டியலாகப் போட்டு, யார் எந்த ஊர் என்று பார்க்காமல் கணினியை நிரப்பச் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு ஊர்வாரியாக ஒப்பிடுவார்கள்.

என்ன ஆகும் என்று பாருங்கள். சுறுசுறுப்பான செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து உழைத்து ரத்தசோகையை 20 சதவீதத்துக்கு இறக்கிய ஊர் ஒன்று. 80 சதவீதம் உள்ள ஊர் இன்னொன்று. இரண்டிலும் பாதிப் பெண்கள் கிடைக்கவில்லை. காலிக் கட்டங்களில் மாவட்ட சராசரியான 50 சதவீதத்தை நிரப்பினால், முதல் ஊர் 35 ஆகும், இரண்டாம் ஊர் 65 ஆகும். உண்மையில் 60 புள்ளி இடைவெளி, தாளில் 30 புள்ளி. நன்றாக வேலை செய்த செவிலியரின் உழைப்பில் பாதி அழிந்தது. உடனே உதவி போக வேண்டிய ஊரின் அவசரத்திலும் பாதி மறைந்தது. ஆய்வில் ஊர் என்ற அடுக்கு இருந்தால், நிரப்பும்போதும் அது இருந்தாக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேசிய ஆய்வு வெளியிடும் மாவட்டத் தாளில் இருப்பது இப்படி நிரப்பிய எண்கள் அல்ல. சோதிக்கப்பட்டவர்களின் எண்களை எடுத்துக்கொண்டு, பதில் கிடைக்காமல் போனதற்கு ஈடாக எடை கொடுத்து ஓரளவு சரிசெய்து வெளியிடுகிறார்கள். அடுக்குக் கணக்கும் பன்முறை நிரப்புதலும் அந்தத் தரவை வாங்கி மேலே ஆராய்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. விராலிமலை ஒன்றியத்தில் எவ்வளவு, மணமேல்குடி ஒன்றியத்தில் எவ்வளவு என்று மாவட்ட நிர்வாகம் கேட்டால், இரண்டு மூன்று ஊர்களின் தரவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. கடன் வாங்கும் கணக்கு அங்கே கட்டாயம்.

கணக்குக்கு எட்டாதது

கையை இழுத்துக்கொண்ட பெண்ணை இன்னும் பாக்கி வைத்திருக்கிறோம். அவரை எந்தக் கணக்காலும் சோதிக்க முடியாது. ‘அப்படியானால் என்ன?’ என்று கேட்டுப் பார்க்க மட்டும் முடியும். கிடைக்காத 10 பேரின் நிலை, நாம் ஊகித்ததைவிடப் பத்துப் புள்ளி மோசம் என்று வைத்தால் நம் ஊரின் விடை 58 சதவீதம். பத்துப் பேருக்குமே ரத்தசோகை என்றால் 71. ஒருவருக்கும் இல்லை என்றால் 29. 29 முதல் 71 வரை எதுவும் சாத்தியம் என்பதுதான் எந்த ஊகமும் கலக்காத விடை. ஊகத்தைச் சேர்க்கச் சேர்க்க விடை குறுகும். எந்த ஊகத்தால் எவ்வளவு குறுகியது என்று சொல்வது ஆய்வாளரின் கடமை.

களப்பணி நடந்த காலமும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் இந்த ஆய்வு 2020 ஜனவரியில் தொடங்கி, கொரோனா ஊரடங்கால் மார்ச்சில் நின்று, டிசம்பரில் மீண்டும் தொடங்கி, 2021 மார்ச்சில் முடிந்தது. ஊரடங்குக்கு முன்பு வீட்டில் இல்லாதவரும் அதற்குப் பிறகு வீட்டில் இல்லாதவரும் ஒரே மாதிரியானவர்கள் என்று கொள்ள முடியாது. அதனால் மாதத்தையும் ஓர் அடுக்காகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அளவே பிழையாக இருந்தால் காலிக் கட்டங்களை எவ்வளவு நேர்த்தியாக நிரப்பினாலும் பயனில்லை. 2016–18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் விரல் நுனியில் குத்தாமல் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது அந்த ஆய்வு. விரல் சொட்டை நம்பிய ஐந்தாவது குடும்ப நல ஆய்வோ, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் என்றது. காலமும் வயது வரம்பும் சற்று வேறு என்றாலும், இத்தனை பெரிய இடைவெளியில் ரத்தம் எடுக்கும் முறைக்கும் பங்கு உண்டு.

காரணத்தை எழுதுங்கள்

மேலே பார்த்த எல்லாக் கணக்குக்கும் அடிப்படை ஒரே ஒரு சின்னக் குறிப்புதான்: கட்டம் ஏன் காலி? இத்தகைய ஆய்வுகளின் தரவுக் கோப்புகளில் அதற்கு இரகசிய எண்கள் போலச் சில எண்கள் உண்டு. ஆள் வீட்டில் இல்லை என்றால் 994, மறுத்தால் 995, வேறு காரணம் என்றால் 996. இதை அறியாமல் சராசரி எடுத்தால் ஒரு பெண்ணின் ஒவ்வொரு டெசிலிட்டர் ரத்தத்திலும் 99.4 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதாகக் கணக்கு வரும். அறிந்து எடுத்தால், தற்செயலாக விடுபட்டவர் யார், வேலையால் விடுபட்டவர் யார், மறுத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எனவே பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டம் காலியாக இருக்கலாம், தவறில்லை. அதில் பூஜ்யம் போடாதீர்கள், போன மாத எண்ணைத் திரும்ப எழுதாதீர்கள். ஏன் காலி என்பதை இரண்டு வார்த்தையில் எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கெடுப்பவர் வந்து போனார் என்று தெரிந்தால், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ரத்தம் கொடுக்க விருப்பமில்லை என்றால் தாராளமாக மறுக்கலாம், அது உங்கள் உரிமை. ‘வீட்டில் இல்லை’ என்று எழுதாமல் ‘மறுத்தார்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.